இடிக்குமுன் சற்றுக் கேட்போம்: நம் ஊர்ச் சிற்றாலயங்களின் பாரம்பரியம்

(இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவையொட்டி ஒலிபரப்பான வானொலி மறையுரை)



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 9ஆம் நாள் திருச்சபை ஒரு கட்டடத்துக்கு விழா எடுக்கிறது. உரோமை நகரின் இலாத்தரன் பேராலயமே அது. 324ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் சில்வெஸ்டர் அதை இறைவனுக்கு நேர்ந்தளித்தார் என்பது மரபு. புனித பேதுரு பேராலயத்தின் பெயரை அறிந்த நம்மில் பலர் இதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் உரோமை ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் சொந்தக் கோயில் இதுதான். இந்த விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், வழக்கமான ஞாயிறு வழிபாடே இதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது.

செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் இத்தனை மரியாதையா என்று நாம் கேட்கலாம். சாலமோன் மன்னரும் அதைத்தான் கேட்டார். எருசலேம் கோவிலைக் கட்டி முடித்த நாளிலேயே, வானமும் கொள்ளாத கடவுள் இந்த வீட்டிலா அடங்குவார் என்று அவர் வியந்ததை அரசர்கள் முதல் நூல் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடவுளுக்கு வீடு தேவையில்லை. மறக்கும் இயல்புடைய நமக்குத்தான் அது தேவை. வழியில் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை யாக்கோபு விடிந்ததும் நிமிர்த்தி வைத்து எண்ணெய் ஊற்றினார். கடவுள் தம்மைச் சந்தித்த இடத்துக்கு அடையாளம் வைத்தார். அந்த ஒற்றைக் கல்லின் பிள்ளைகள்தாம் நம் ஆலயங்கள் எல்லாம்.

இந்த விழா நாளில் நம் சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றாலயங்களைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று பல கிளைப்பங்குகளில் புதிய கோயில் கட்டும் பேச்சு நடக்கிறது. லாரிப் பட்டறையிலும், தறியிலும், கோழிப்பண்ணையிலும், வெளிமாநிலம் போகும் ரிக் வண்டியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தை மக்கள் மனமுவந்து தருகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் திட்டத்தின் முதல் வரியிலேயே, பழைய கோயிலை இடித்துவிடலாம் என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பழைய கோயில் என்ன, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதற்குள் பொக்லைன் வந்து நின்றுவிடுகிறது. இடிக்கும் முன் கேட்க வேண்டியவற்றை இன்று சேர்ந்து கேட்போம்.

கோயில் இல்லாமல் வந்த விசுவாசம்

நம் பகுதியில் நற்செய்தியின் வரலாறு 1623ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை 15ஆம் கிரகோரி ஓர் ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் முதலிய வழக்கங்களைக் கிறிஸ்தவரான பின்னும் மக்கள் விட்டுவிடத் தேவையில்லை என்று அது அனுமதித்தது. மதுரையில் காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் கற்று, தமிழ்நாட்டுத் துறவியைப் போல வாழ்ந்த சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி பல ஆண்டுகளாகப் போராடியது இந்த அனுமதிக்காகத்தான். தத்துவ போதகர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

அதே 1623இல் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாக, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே மதுரை நாயக்கருக்கு உட்பட்டு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றார். சேலத்தில் அவருக்கு முதலில் தங்க வீடு கிடைக்கவில்லை. திறந்த சாவடியில் தங்கித் துன்பப்பட்டார் என்று சேசு சபை மடல்களின் வழி வந்த வரலாறு சொல்கிறது. பின்னர், ஆட்சியை இழந்து ஒதுங்கி வாழ்ந்த திருமங்கல நாயக்கர் அவருக்கு நண்பரானார். இவர் இராமச்சந்திர நாயக்கரின் அண்ணன். இவரும் இவருடைய குடும்பத்தாரும் சில ஆண்டுகளுக்குள் திருமுழுக்குப் பெற்றார்கள். மோரமங்கலம் என்ற ஊர் அந்தத் தொடக்க காலச் சபையின் வரலாற்றில் இடம்பெற்றது.

மார்கழிக் குளிரில் இந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்போம். பெத்லகேமில் இடம் கிடைக்காத குடும்பத்தைப் பற்றிப் பேச வந்தவருக்குச் சேலத்திலும் இடம் கிடைக்கவில்லை. நம் மண்ணின் முதல் வழிபாட்டிடம் கோபுரமும் மணியும் உள்ள ஆலயமாக இருக்கவில்லை. வீட்டுத் திண்ணையும் சாவடியும் கூரைக் கொட்டகையுமே அன்றைய கோயில்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து சேசு சபையையே கலைத்தார். 1776இல் பாரிசு வேதபோதக சபையின் குருக்கள் புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டு மறைப்பணியின் பொறுப்பை ஏற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலக் கம்பெனி ஆகியோரின் படைகள் நம் சமவெளி வழியே மாறி மாறிச் சென்றன. 1792 உடன்படிக்கைக்குப் பின் சேலம் நாடு கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் குருக்கள் மிகச் சிலர். ஒரு குரு பல நாள் பயணத்தில் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. குரு வந்தால் திருப்பலி. வராத வாரங்களில் உபதேசியார் முன்நின்று செபம் சொல்வார், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பார், சாகும் நிலையில் இருந்தவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுப்பார்.

1930ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் சேலம் தனி மறைமாவட்டமானது. பாரிசு சபையைச் சேர்ந்த என்றி புருனியே முதல் ஆயரானார். 1949இல் வெண்மணி செல்வநாதர் இரண்டாம் ஆயரானார். 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. நாமக்கல் மாவட்டம் இன்றும் சேலம் மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நம் ஊர்களில் மக்கள் முதலில் வந்தார்கள். கோயில் பின்னால் வந்தது. இரண்டு மூன்று தலைமுறை கூரையின் கீழ் செபித்த பிறகு, கூலியில் மிச்சம் பிடித்து, கல் சுமந்து, மண் மிதித்துக் கட்டிய சுவர்கள் அவை. எனவே ஒரு சிற்றாலயத்தை அளக்கும்போது நீளம் எத்தனை அடி என்பதோடு, எத்தனை ஆண்டுக் காத்திருப்பு என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தோண்டியபோது கிடைத்தவை

அடித்தளம் தோண்டும்போது பழையது வெளிப்படுவதைத் திருச்சபை பலமுறை கண்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே சென்னைப் பரங்கிமலையில், 1547ஆம் ஆண்டு ஆலயத்துக்காகத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய ஒரு கல் கிடைத்தது. அதைச் சுற்றிப் பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஏழாம், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் கிறிஸ்தவர்கள் செபித்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த ஒரு கல். கிடைத்தவர்கள் அதை ஓரமாகத் தள்ளாமல் பீடத்திலேயே பதித்தார்கள். இன்றும் அதன் முன்தான் திருப்பலி நடக்கிறது.

தெ நொபிலி சேலத்தில் இருந்த அதே ஆண்டுகளில், பிரான்சு நாட்டின் மேற்கு மூலையில் பிரித்தானி என்ற பகுதியில் இதைப் போன்ற ஒன்று நடந்தது. பிரித்தானி நம் ஊரைப் போலவே விவசாயிகளின் நாடு, கருங்கல் நாடு. பிரெஞ்சு மொழியிலிருந்து வேறான சொந்த மொழி அவர்களுக்கு உண்டு. அங்கே கெரன்னா என்ற சிற்றூரில் ஈவ் நிக்கோலாசிக் என்ற விவசாயி இருந்தார். அவருடைய நிலத்தில் ஓரிடத்தில் உழவு மாடுகள் அடியெடுத்து வைக்க மறுக்குமாம். அங்கே முற்காலத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது என்று ஊரில் பேச்சு உண்டு. அன்னை மரியாவின் தாயான புனித அன்னம்மாள் அவருக்குத் தோன்றி, அவருடைய தாய்மொழியிலேயே பேசி, அழிந்துபோன தம் ஆலயத்தை மீண்டும் கட்டச் சொன்னார் என்பது அவர்கள் மரபு. 1625ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் இரவு அந்த நிலத்தில் தோண்டியபோது ஒரு பழைய மரச் சுரூபம் கிடைத்தது. அந்த ஆண்டு சூலை 26ஆம் நாள், அன்னம்மாள் திருநாளில், அங்கே முதல் திருப்பலி நடந்தது. இன்று அது பிரித்தானியின் மிகப் பெரிய திருத்தலம். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அங்கே சென்றார்.

படித்தவர்களும் மேலதிகாரிகளும் முதலில் அந்த விவசாயியை நம்பவில்லை. ஆனால் ஊர் தன் வாய்மொழியில் காத்துவைத்திருந்தது அழியவில்லை. நம் ஊர்களிலும், இந்த இடத்தில் பழைய கோயில் இருந்தது, அந்தப் புளியமரத்தடியில் சாமியார் ஒருவரை அடக்கம் செய்தார்கள் என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. அதைக் கதை என்று தள்ளிவிடாமல் எழுதி வைப்போம்.

பழையதை இடிக்காத ஒரு சிற்றாலயம்

அதே பிரித்தானியில் வியே-மார்ஷே என்ற ஊர் அருகே ஏழு புனிதர்களின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1703 முதல் 1714 வரையில் கட்டியது. கட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கற்திட்டை இருந்தது. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னம் அது. நமக்கு இது புதிதன்று. நமக்கு அருகிலுள்ள கிருட்டிணகிரி மாவட்டத்தின் மல்லச்சந்திரத்தில் இப்படிப்பட்ட கற்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. மோரியர் வீடு, பாண்டவர் வீடு என்று நம் மக்கள் அவற்றை அழைப்பார்கள்.

பிரித்தானி மக்கள் அந்தக் கற்திட்டையை உடைத்து அடித்தளத்துக்குப் போடவில்லை. அதை அப்படியே விட்டு, அதன்மேல் கோயிலின் தெற்குப் பகுதியை எழுப்பினார்கள். இன்று அந்தக் கற்திட்டை கோயிலின் கீழறையாக இருக்கிறது. ஏழு புனிதர்களின் சுரூபங்களும் அந்தக் கோயிலில் உள்ளன. இவர்கள் எபேசு நகர இளைஞர்கள். உரோமைப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிக் குகையில் ஒளிந்து, நீண்ட காலம் உறங்கி விழித்தார்கள் என்பது மரபு. குரானின் 18ஆம் அத்தியாயத்திலும் குகைத் தோழர்களின் வரலாறு வருகிறது. லூயி மசிஞோன் என்ற கத்தோலிக்க அறிஞர் இதைக் கண்டு, 1954 முதல் அந்தச் சிற்றாலயத் திருவிழாவுக்கு இசுலாமியச் சகோதரர்களையும் அழைத்தார். அல்சீரியப் போர் மூண்டு பிரெஞ்சுக்காரரும் அரபு மக்களும் ஒருவரையொருவர் கொன்ற காலம் அது. அந்தப் போரின் நடுவிலும் இரு சமயத்தாரும் ஒரு கிராமத்துக் கோயிலில் கூடி அமைதிக்காக மன்றாடினார்கள். அந்தத் திருப்பயணம் தொடர்ந்து சூலை மாதத்தில் நடந்து வருகிறது.

ஒரு மாவட்டத் தலைநகரின் பேராலயமா இதைச் செய்தது? இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா காணும் ஒரு சிற்றாலயம். பழையதை இடிக்காமல் வைத்திருந்ததால், இரு சமயத்தாரையும் சேர்த்துவைக்கும் பேறு அதற்குக் கிடைத்தது. நம் தேர்த்திருவிழாவில் சப்பரம் தெருவில் வரும்போது இந்துச் சகோதரர்கள் வாசல் தெளித்துக் கோலமிட்டு, மெழுகுதிரியும் உப்பும் மிளகும் காணிக்கையாகத் தருகிறார்களே, அந்த உறவும் பழைய கோயிலின் வாசலில் வளர்ந்ததுதான்.

அந்தப் பிரித்தானியிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிற்றாலயங்கள் கவனிப்பாரின்றிக் கூரை சரியத் தொடங்கின. 1952இல் அங்கே ஒரு சங்கம் உருவானது. தன்னார்வலர்கள் விடுமுறை நாள்களில் கிராமம் கிராமமாகப் போய்ச் செடிகளை வெட்டி, கூரை வேய்ந்து, சுவர் பூசினார்கள். கோயிலைக் காக்கப் பெரும் பணத்துக்கு முன் பத்து ஆள்களின் கைகள் போதும் என்று காட்டினார்கள்.

நம் கோயிலை வாசிப்பது எப்படி?

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு பழைய சிற்றாலயம் ஒரு புத்தகம். அதை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் சுவர். பழைய சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ கட்டி, சுண்ணாம்புக் காரை பூசியவை. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்த காரை அது. இத்தகைய சுவர் மூச்சு விடும். மழைக்காலத்தில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். நாம் நல்லது செய்வதாக நினைத்து அதன்மேல் சிமெண்டு பூசுகிறோம். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உள்ளிருக்கும் உப்புப் பூத்து, செங்கல் பொடியாகி, சில ஆண்டுகளில் பூச்சு தகடு தகடாக விழும். அப்போது, கோயில் பழசாகிவிட்டது, தாங்காது என்கிறோம். பல நேரங்களில் கோயிலின் வயதைவிட நாம் பூசிய சிமெண்டே நோய்க்குக் காரணம். விரிசல் கண்ட உடனே இடிக்கும் முடிவுக்குப் போகாமல், கூரை ஒழுகுகிறதா, மழைநீர் சுவரடியில் தேங்குகிறதா, மேலே அரசங்கன்று வேர் விட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

அடுத்து மணி. நம் பழைய கோயில்களில் பிரான்சிலிருந்து வந்த வார்ப்பு மணிகள் உண்டு. பலவற்றின் விளிம்பில் ஆண்டும், வார்த்த ஊரும், மணிக்குச் சூட்டிய புனிதரின் பெயரும் இருக்கும். ஏணி வைத்து ஏறி ஒருமுறை படித்து எழுதிக்கொள்வோம். ஒலிபெருக்கி வந்தபின் மணியைக் கழற்றி எடைக்குப் போடும் எண்ணம் எவருக்கும் வேண்டாம்.

பிறகு சுரூபம். கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில், வீரமாமுனிவர் நிறுவிய பெரியநாயகி அன்னை தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்திக் காட்சி தருகிறார். 1711இல் மதுரை மறைப்பணிக்கு வந்த இத்தாலியர் ஒருவர், கடவுளின் தாய்க்கு நம் வீட்டுப் பெண்ணின் கோலத்தைத் தேர்ந்தார். நம் சிற்றாலயச் சுரூபங்களுக்கும் இத்தகைய கதைகள் இருக்கலாம். திருவிழா வருகிறதென்று ஆண்டுதோறும் பளபளக்கும் எனாமல் வர்ணத்தை அடுக்கடுக்காகப் பூசும்போது, பழைய கைவேலை அடியில் புதைந்துபோகிறது.

நான்காவதாகப் பதிவேடு. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளில் பல இலத்தீனில் எழுதியவை. பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர், நாள், குருவின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத, அரசாங்கத் தாளில் பெயரே வராத பல ஏழைகளின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்த ஏடுதான். இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, ஞானப்பிரகாசம், ஆரோக்கியம் என்று நம் முன்னோர் பெயர்களை அங்கே காணலாம். கறையான் அரிக்கும் முன் அவற்றைப் படமெடுத்து வைப்பது இன்று ஓர் இளைஞரின் கைப்பேசியாலேயே முடியும்.

கடைசியாகக் கல்லறை. தரையில் பதித்த கல்லில் மங்கிய எழுத்து இருந்தால், கிரானைட் போடுமுன் அதைப் படித்துவிடுவோம். தூரதேசத்திலிருந்து வந்து காய்ச்சலில் இறந்த குருவும், அவருக்கு முன்னும் பின்னும் மக்களைச் செபத்தில் ஒன்றுகூட்டிய உபதேசியாரும் அங்கே உறங்கலாம்.

காக்க வேண்டாத பாரம்பரியமும் உண்டு

உண்மையைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நம் பழைய கோயில்களின் சுவர்கள் எல்லாமே புனிதமான நினைவுகளைச் சுமக்கவில்லை. சாதி பார்த்துத் தனி வாசல், தனி இருக்கை, தனிக் கல்லறை என்று பிரித்த காலமும் தமிழகத் திருச்சபையில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து உட்காரவைக்க இரு பகுதிகளே அமைத்தார்கள். அந்தத் தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. அதற்காக நடந்த வழக்குகளும் சண்டைகளும் நமக்கு வெட்கம் தருபவை.

பாரம்பரியத்தைக் காப்பது என்றால் இத்தகைய பழக்கத்தையும் காப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். கோயிலைக் காப்போம், தடுப்பை இடிப்போம். எந்த ஊரிலாவது கல்லறைத் தோட்டத்தில் இன்னும் ஒரு குறுக்குச் சுவர் நின்றால், நாம் முதலில் இடிக்க வேண்டிய கட்டடம் அதுதான். புதிய ஆலயத்துக்கான பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குத் தேவைப்படாது.

திருச்சபையின் சட்டம் சொல்வது

நம் கோயில், நம் பணம், நாமே முடிவெடுப்போம் என்று பங்குப்பேரவைகளில் சில நேரம் பேசுகிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது. ஆயரின் எழுத்து மூலமான இசைவின்றிப் புதிய ஆலயம் எழுப்பக் கூடாது என்பது 1215ஆம் சட்டம். கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநர்களின் ஆலோசனை பெற வேண்டும் என்பது 1216ஆம் சட்டம். ஓர் ஆலயத்தை வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் ஆயருக்கே உரியது என்பது 1222ஆம் சட்டம். பழமையாலும் கலையாலும் பக்தியாலும் சிறந்த சுரூபங்களை எழுத்து மூலமான அனுமதியின்றிச் செப்பனிடக் கூடாது என்பது 1189ஆம் சட்டம். பழைய பங்குப் பதிவேடுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்று 535ஆம் சட்டம் பங்குத்தந்தையர்க்குக் கட்டளையிடுகிறது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? கோயில் இன்று உயிரோடிருக்கும் நமக்கு மட்டும் சொந்தமானதாக இருந்தால் இந்தச் சட்டங்கள் தேவையே இல்லை. அதைக் கட்டிவிட்டு உறங்குகிறவர்களுக்கும், இனி அதில் திருமுழுக்குப் பெறப்போகிற குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் நம் கூட்டத்துக்கு வந்து கை தூக்க முடியாது. அவர்களுக்காகச் சட்டம் கை தூக்குகிறது.

அப்படியென்றால் புதிய கோயிலே வேண்டாமா?

வேண்டும். மக்கள் பெருகிவிட்டார்கள். சித்திரை வெயிலில் தாழ்ந்த கூரையின் கீழ் முதியவர்கள் மயங்குகிறார்கள். பாதிப் பேர் வெளியே பந்தலில் நின்று திருப்பலி காண்கிறார்கள். அந்தச் சிரமம் உண்மையானது. சென்னைச் சின்னமலையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே புனித தோமாவின் குகையை ஒட்டி 1551இல் எழுந்த சிறிய ஆலயம் கூட்டத்துக்குப் போதவில்லை. அருகிலேயே வட்ட வடிவில் பெரிய புதிய ஆலயம் எழுப்பினார்கள், சிறியதையும் வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெரிய கோயிலில்; தனியே கண்ணீர்விட வருகிறவருக்குச் சிறிய கோயில்.

நம் ஊரிலும் அப்படிச் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்போம். பழைய கோயிலை நற்கருணைச் சிற்றாலயமாகவோ, மறைக்கல்வி வகுப்பாகவோ, அன்பியக் கூட்டத்துக்கோ, இறந்தவர்க்கான செபத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். இடமே இல்லை, சுவர் உண்மையிலேயே ஆபத்தாகிவிட்டது என்று வல்லுநர் சொன்னால், ஆயரின் அனுமதியோடு அகற்றுவோம். அப்போதும் பீடக் கல்லையும் மணியையும் வாசல் நிலையையும் புதிய கோயிலுக்குள் கொண்டுவருவோம். ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, மூத்தவர்கள் சொல்வதைக் குரலிலேயே பதிந்து, மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி அனுப்புவோம். பரங்கிமலையில் செய்ததைப் போல, பழைய கல்லுக்குப் புதிய பீடத்தில் இடம் கொடுப்போம்.

யோசுவா நூல் 4ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. இஸ்ரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கரையில் வைக்கச் சொன்னார் ஆண்டவர். நாளை உங்கள் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள். அப்போது ஆற்றைக் கடந்த கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார் யோசுவா. கவனியுங்கள்: பிள்ளைகள் கேட்பதற்கு முதலில் கற்கள் அங்கே இருக்க வேண்டும். மழமழப்பான டைல்ஸ் சுவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எதையும் கேட்காது.

எனவே இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்வோம். நம் பங்கில், நம் கிளைப்பங்கில் உள்ள மிகப் பழைய கோயிலுக்குப் பிள்ளைகளோடு போவோம். மணியில் என்ன எழுதியிருக்கிறது, கல்லில் எந்த ஆண்டு இருக்கிறது, முதல் பதிவேட்டில் முதல் பெயர் யாருடையது என்று அவர்களே தேடட்டும். ஊரின் மூத்த பாட்டி ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்வோம். அதன்பிறகு கட்டடக் குழுவைக் கூட்டுவோம். அந்தக் குழு எந்த முடிவை எடுத்தாலும், அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

புனித பேதுரு நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். உயிருள்ள கல் தனக்குக் கீழே இருக்கும் கல்லை உணரும். அதன்மேல்தான் தான் நிற்கிறோம் என்று அறியும். திண்ணையிலும் சாவடியிலும் செபித்த நம் முன்னோரின் விசுவாசத்தின்மேல் இறைவன் நம்மையும் வைத்துக் கட்டுவாராக. நமக்குப் பின் வருபவர்களுக்கு நாம் உறுதியான கற்களாக இருக்க அவர் அருள் தருவாராக. ஆமென்.